நிலக்கடலை வெண்புழுவும் மண்நஞ்சும்: திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மண்ணுள் வாழ்ந்து வேரைத் தின்னும் வண்டினப் புழுக்களை வேதிப்பொருள் கொண்டு கட்டுப்படுத்தும் முறை கடந்த நூறாண்டுகளில் எவ்வாறு மாறிவந்தது என்பதை நிலக்கடலைப் பயிரை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. தூள், குருணை, விதை நேர்த்தி என்னும் மூன்று கட்டங்களாக இவ்வரலாறு பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் மண்ணில் இடப்படும் நஞ்சின் அளவு குறைந்தபோதிலும் அதனால் விளையும் இடர் முற்றிலும் நீங்கவில்லை. அது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு இடம் மாறியது. ஊர் முழுவதும் சேர்ந்து கையாள வேண்டிய பீடை, தனி வயலின் சிக்கலாகக் குறுக்கப்பட்டது. இவ்விரண்டுமே இக்கட்டுரை நிறுவ முனையும் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: வெண்புழு, நிலக்கடலை, திண்டிவனம், மண்நஞ்சு, பி.எச்.சி., போரேட், பயிர்ப் பாதுகாப்பு வரலாறு

முன்னுரை

தமிழக வேளாண்மை வரலாறு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் நிலவுடைமை, பாசனம், வரி, விலை ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன. பயிர்ப் பாதுகாப்பு தனித்த வரலாற்றுப் பொருளாக அரிதாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. எடுத்துக்கொள்ளப்படும்போதும், இலை மீது தெளிக்கப்படும் மருந்துகளே கவனம் பெறுகின்றன. மண்ணுக்குள் இடப்பட்ட நஞ்சின் கதை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும், நெடுங்காலம் நிலைத்து நின்று மனிதர் உண்ணும் எண்ணெயிலும் பாலிலும் சென்று சேரும் வாய்ப்பு அந்நஞ்சுக்கே மிகுதி. நிலக்கடலையின் காய் மண்ணுக்குள்ளேயே முதிர்வதால், இப்பயிரில் இக்கேள்வி கூடுதல் அழுத்தம் பெறுகிறது.

பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து 1993 செப்டம்பர் 30 அன்று பிரிக்கப்பட்ட விழுப்புரம் மாவட்டமும், அதனுள் அமைந்த திண்டிவனமும் இவ்வாய்வுக்குப் பொருத்தமான களங்கள். நிலக்கடலை ஏற்றுமதிப் பயிராக வளர்ந்த நிலப்பகுதியும், அப்பயிருக்கென ஆராய்ச்சி நிலையம் அமைந்த ஊரும் இங்கே ஒன்றாக உள்ளன.

மல்லாட்டையும் திண்டிவனமும்

நிலக்கடலையை இவ்வட்டார மக்கள் மல்லாட்டை என்றே வழங்குகின்றனர். மணிலாக்கொட்டை என்பதன் மரூஉ அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்சேய் நகரின் எண்ணெய், சோப்பு ஆலைகளுக்கு நிலக்கடலை சென்றது. 1879-இல் விழுப்புரம் – புதுச்சேரி இருப்புப்பாதை திறக்கப்பட்டது உள்நாட்டுச் செம்மண் கிராமங்களைத் துறைமுகத்தோடு நெருக்கமாக இணைத்தது. கம்பும் கேழ்வரகும் விளைந்த மானாவாரி நிலங்களில் பணப்பயிர் இடம்பிடித்தது.

இப்பயிரின் மேம்பாட்டிற்காகத் திண்டிவனத்தில் அமைந்த எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம், தான் வெளியிட்ட இரகங்களுக்கு ஊரின் பெயரையே சூட்டியது. 1940-இல் வெளிவந்த டி.எம்.வி. 2 குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தேர்வு செய்யப்பட்டது. தமிழகத்திற்கு வெளியேயும் பல பத்தாண்டுகள் பயிரிடப்பட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971-இல் தோன்றியபின் இந்நிலையம் அதன் கீழ் இயங்கலாயிற்று.

தென்னார்க்காட்டு நிலக்கடலையின் பீடைகளுள் மிகுதியாக எழுதப்பட்டவை சிவப்புக் கம்பளிப்புழுவும் சுருள்பூச்சியுமே. வெண்புழு ஆண்டுதோறும் எல்லா வயல்களிலும் தோன்றுவதன்று. மணற்பாங்கான நிலத்தில் திட்டுத்திட்டாகத் தோன்றும் இயல்புடையது. அது தோன்றிய இடத்தில் செடி காய்ந்து, பிடுங்கினால் வேரின்றிக் கையோடு வந்துவிடும். அதற்குள் மருந்திடும் காலமும் கடந்திருக்கும். இத்தன்மையே, புழு வருமுன் நஞ்சிட்டு வைக்கும் வழக்கத்திற்கு அடிகோலியது.

வெண்புழுவின் வாழ்க்கைச் சுற்று

வேதிமுறையின் வரலாற்றை விளங்கிக்கொள்ள இப்பூச்சியின் வாழ்க்கைச் சுற்றை அறிதல் இன்றியமையாதது. வட இந்தியாவில் ஹோலோட்ரிக்கியா கன்சாங்குனியா என்னும் இனம் நிலக்கடலையைப் பெரிதும் தாக்குகிறது. தீபகற்ப இந்தியாவில் ஹோலோட்ரிக்கியா ரெய்னாடி, ஹோலோட்ரிக்கியா செர்ரேட்டா ஆகியவையே முதன்மையானவை என்பதை, பட்டான்செருவிலுள்ள இக்ரிசாட் நிறுவனம் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களுடன் இணைந்து நடத்திய கள ஆய்வுகள் உறுதிசெய்தன. செர்ரேட்டா இனம் தமிழகக் கரும்புக்கும் பெருந்தீங்கு விளைவிப்பதாகும்.

கோடையில் முதல் நல்ல மழை பெய்த மாலையில், மண்ணுள் அடங்கியிருந்த வண்டுகள் வெளிவருகின்றன. அருகிலுள்ள வேம்பு, இலந்தை, முருங்கை போன்ற மரங்களில் கூடி, இணைசேர்ந்து, இலைகளைத் தின்று, விடியுமுன் மண்ணுக்குத் திரும்பி முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் புழு மூன்று பருவங்களைக் கடக்கிறது. மூன்றாம் பருவப் புழுவே வேருக்குப் பெருங்கேடு செய்கிறது. பின்னர்க் கூட்டுப்புழுவாகி, வண்டாகி, அடுத்த கோடை மழைவரை மண்ணில் அடங்கிக் கிடக்கிறது. ஓராண்டில் ஒரு தலைமுறை என்பது பொது இயல்பு.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. ஆண்டு முழுவதும் மண்ணுள் மறைந்திருக்கும் பூச்சி, கோடை மழைக்குப் பிந்தைய சில மாலைகளில் மட்டுமே வெளிப்பட்டு எளிதில் பிடிபடும் நிலையில் உள்ளது என்பது ஒன்று. அவ்வாறு வெளிவரும் வண்டுகள் வரப்பைப் பொருட்படுத்தாமல் மரத்தைத் தேடிச் செல்வதால், ஒருவர் வயலின் புழு அடுத்தவர் வரப்பு மரத்தில் தோன்றியதாகவும் இருக்கலாம் என்பது மற்றொன்று.

நஞ்சுக்கு முந்தைய காலம்: கைம்முறையும் சட்டமும்

சென்னை மாகாணத்தின் அரசுப் பூச்சியியலாளராகப் பணியாற்றிய டி. பெயின்பிரிக் பிளெட்சர், தென்னிந்தியப் பூச்சிகள் குறித்த தம் நூலை 1914-இல் வெளியிட்டார். தமிழரான டி. வி. இராமகிருஷ்ண அய்யர் தென்னிந்தியப் பொருளியல் பூச்சியியலுக்கான கையேட்டை 1940-இல் வெளியிட்டார். செயற்கைக் கரிம நஞ்சுகள் புழக்கத்திற்கு வராத அக்காலத்தில் பூச்சியியல் வலியுறுத்திய வழிகள் ஆழ உழுதல், புழுக்களைப் பறவைகளுக்கு வெளிப்படுத்துதல், வண்டுகளையும் அந்துகளையும் கையால் திரட்டுதல், விளக்குப்பொறி வைத்தல் ஆகியவை.

இவ்வழிகள் யாவும் பலர் சேர்ந்து செய்தாலன்றிப் பயன் தராதவை. இதனை அரசும் உணர்ந்திருந்தது. 1919-ஆம் ஆண்டின் சென்னை வேளாண் பூச்சிகள், நோய்கள் சட்டம் இவ்வுணர்வின் வெளிப்பாடு எனலாம். ஒரு பகுதியில் ஒரு பீடையை அரசு அறிவிக்கை செய்தால், அப்பகுதியில் நிலம் வைத்திருப்போர் அனைவரும் குறித்த தடுப்பு நடவடிக்கையை மேற்கொள்ளக் கடமைப்பட்டவராவர். உழவரின் உழைப்பைக் கட்டாயப்படுத்தும் குடியேற்ற அரசின் அதிகாரப் போக்கு இச்சட்டத்தில் உண்டு. எனினும், பூச்சி வரப்புக்குக் கட்டுப்படாது என்னும் அறிவியல் உண்மையை அது ஏற்றிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

புல்வெளியும் நாற்றங்காலும்: மண்நஞ்சு என்னும் கருத்து

புழு வருமுன் மண்ணில் நஞ்சைத் தேக்கிவைத்தல் என்னும் கருத்து, பெரும் அளவில் செயல்பட்ட தொடக்ககால எடுத்துக்காட்டு அமெரிக்காவில் கிடைக்கிறது. 1916-இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் ரிவர்ட்டன் அருகிலுள்ள ஒரு செடி நாற்றுப்பண்ணையில் ஜப்பானிய வண்டு கண்டறியப்பட்டது. அதன் புழு புல்வெளியின் வேரைத் தின்பது; நாற்றுச்செடியின் வேர்மண்ணோடு பிற ஊர்களுக்குப் பரவுவது. ஆகவே, வெளியூர் செல்லும் நாற்றுகளின் மண்ணுக்குக் கார்பன் டைசல்பைடும், குழிப்பந்தாட்டப் புல்வெளிகளுக்கு ஈய ஆர்சனேட்டும் பயன்படுத்தப்பட்டன. ஈயமும் ஆர்சனிக்கும் தனிமங்கள், அவை சிதைவதில்லை. ஒருமுறை இட்டால் பல ஆண்டுகள் காக்கும் என்பதே அக்காலத்தில் அவற்றின் சிறப்பாகக் கருதப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஈய ஆர்சனேட்டின் இடத்தைக் குளோர்டேன், ஆல்டிரின், டைல்டிரின் முதலிய கரிமக் குளோரின் சேர்மங்கள் பிடித்தன. ஜப்பானிய வண்டை ஒழிப்பதற்காக இல்லினாய் மாநிலத்தின் ஷெல்டன் பகுதியில் 1954 முதல் வானூர்தி வழியே டைல்டிரினும் பின்னர் ஆல்டிரினும் தூவப்பட்டதையும், பறவைகளும் வீட்டு விலங்குகளும் மடிந்ததையும் ரேச்சல் கார்சன் 1962-இல் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ நூலில் விரிவாகப் பதிவு செய்தார். மண்நஞ்சுக்கு எதிரான உலகளாவிய வாதத்தின் தொடக்கச் சான்றுகளுள் ஒன்று வண்டினப் புழு ஒழிப்பிலிருந்தே வந்தது.

புல்வெளியை மனிதர் உண்பதில்லை. நாற்றுச்செடி விற்பனைக்குரியது. ஆகவே அங்கு மண்ணில் நஞ்சு நிலைத்திருப்பது நேரடி உணவுச் சிக்கலாகத் தோன்றவில்லை. அதே கருத்து, உண்ணும் பொருள் மண்ணுக்குள்ளேயே விளையும் நிலக்கடலை வயலுக்கு வந்தபோது நிலைமை முற்றிலும் வேறாயிற்று.

தமிழகத்திலும் நாற்றங்கால்கள் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே. தேக்கு நாற்றங்கால்களில் வெண்புழு இளங்கன்றுகளின் ஆணிவேரைத் துண்டிப்பதால், பாத்திகளில் குருணை மருந்து இடுவது வழக்கமாயிற்று. இங்கு ஓர் அடையாளக் குழப்பமும் உண்டு. தொழுவுரக் குழியில் காணப்படும் பருத்த வெள்ளைப் புழுக்களுள் பல, தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டின் புழுக்கள். அவை மட்கும் பொருளைத் தின்பவை. உயிர்வேரைத் தின்பவை அல்ல. கடைசி உடற்கண்டத்தின் அடிப்பகுதி முட்களின் அமைப்பை உருப்பெருக்கியால் நோக்கியே இவற்றை வேறுபடுத்த இயலும். வேறுபடுத்தாதபோது, தேவையற்ற இடத்திலும் நஞ்சு இடப்படுகிறது.

தூள் காலம்

பென்சீன் எக்சாகுளோரைடு என்னும் பி.எச்.சி.யின் பூச்சிக்கொல்லித் தன்மை 1940-களின் தொடக்கத்தில் பிரிட்டனிலும் பிரான்சிலும் உணரப்பட்டது. 1952-இல் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள ரிஷ்ராவில் அதன் உற்பத்தி தொடங்கியது. தமிழக ஊர்களில் கெமாக்சின் என்னும் பெயரால் அது அறியப்பட்டது. விலை குறைவு, கையால் தூவும் எளிமை, தெளிப்பானும் நீரும் தேவைப்படாமை ஆகிய மூன்றும் மானாவாரி உழவருக்கு அதனை ஏற்புடையதாக்கின. கடைசி உழவின்போது தூளை மண்ணில் கலந்துவிட்டால், பின்னர் வரும் புழு நஞ்சைத் தொட்டு மடியும் என்பதே இம்முறையின் அடிப்படை.

பி.எச்.சி. ஒற்றைப் பொருளன்று, பல மாற்றியங்களின் கலவை. பூச்சியைக் கொல்லும் காமா மாற்றியம் அதில் 10 முதல் 15 விழுக்காடு அளவே. எஞ்சிய பெரும்பங்கு பூச்சிக்கு எதிராகப் பெரிதும் பயனற்றது. அதனுள் பீட்டா மாற்றியம் மிக நெடுங்காலம் சிதையாமல் நிற்பது. எனவே, பயனுள்ள ஒரு பங்கு நஞ்சுக்காகப் பயனற்ற பல பங்கு நஞ்சை உழவர் தம் மண்ணில் சேர்த்துவந்தனர்.

நிலக்கடலையின் விழுது மண்ணில் இறங்கி, மேல்மண்ணின் சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே காயாகிறது. தூள் கலக்கப்பட்டதும் அதே அடுக்கில்தான். கரிமக் குளோரின் சேர்மங்கள் கொழுப்பில் கரைபவை, நிலக்கடலையோ எண்ணெய்வித்து. பி.எச்.சி. இட்ட மண்ணில் விளைந்த கடலையும் உருளைக்கிழங்கும் ஒருவகைப் பூஞ்சண நாற்றமும் சுவைக்கேடும் அடைவது 1950-களிலேயே அமெரிக்காவில் அறியப்பட்டிருந்தது. மேலும், இவ்வட்டாரத்தில் கடலைக்கொடி கறவை மாடுகளுக்குத் தீவனம். கொடியிலிருந்து மாட்டுக்கும், மாட்டிலிருந்து பாலின் கொழுப்புக்கும் எஞ்சு நஞ்சு செல்வதற்கான வழி இவ்வாறு அமைந்தது. இக்கட்டத்தில் இடரைச் சுமந்தவர், வயலைக் கண்டிராத நுகர்வோரும் பால் அருந்திய குழந்தையுமே எனலாம்.

குருணைக் காலம்

1958-இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த உணவுப் பொருளால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த நிகழ்வு, பூச்சிக்கொல்லிகளுக்குத் தனிச்சட்டம் வேண்டும் என்னும் கருத்தை வலுப்படுத்தியது. 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டு, 1971-இல் நடைமுறைக்கு வந்தது. இதே காலத்தையொட்டி, சிதையக்கூடிய கரிமப் பாஸ்பரஸ், கார்பமேட் வகை மருந்துகள் குருணை வடிவில் பரவின. போரேட் 10 விழுக்காட்டுக் குருணையும் கார்போபியூரான் 3 விழுக்காட்டுக் குருணையும் வெண்புழுவுக்கான வழக்கமான பரிந்துரைகளாயின. மேற்கு, வடமேற்கு இந்தியாவில் வெண்புழுவின் பெருக்கம் கடுமையாக இருந்ததால், 1980-இல் அகில இந்திய ஒருங்கிணைந்த வெண்புழு ஆராய்ச்சித் திட்டம் இராசத்தானின் துர்காபுராவை மையமாகக் கொண்டு தொடங்கப்பட்டது.

குருணை மருந்து மண்ணில் பல ஆண்டுகள் தங்குவதில்லை; அவ்வகையில் நுகர்வோருக்கான இடர் குறைந்தது. ஆனால் போரேட், உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் மிக உயர்ந்த நச்சுத்தன்மையுடைய முதற்பிரிவில் வைக்கப்பட்டது. அதனை மணலுடன் கலந்து கையால் வீசுவதே சிறு உழவரின் நடைமுறை. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நஞ்சு உடலில் சேரும். குருணையைப் பொறுக்கும் பறவைகளும் மடியும். இடர், உண்பவரிடமிருந்து வீசுபவரின் கைக்கு இடம் மாறியது.

தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆல்டிரின், குளோர்டேன், எப்டாகுளோர் ஆகியவை 1996-இல் தடைசெய்யப்பட்டன. பி.எச்.சி. 1997 ஏப்ரல் 1 முதல் தடைக்குள்ளாயிற்று. நிலைத்த கரிம மாசுகள் குறித்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2001-இல் ஏற்கப்பட்டது. இந்தியா 2006-இல் அதனை உறுதிசெய்தது. பி.எச்.சி.யின் ஆல்பா, பீட்டா மாற்றியங்களும் லிண்டேனும் 2009-இல் அவ்வுடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2018 ஆகஸ்டில் வெளியான நடுவண் அரசின் ஆணைப்படி போரேட் 2020 டிசம்பர் 31 முதல் தடைசெய்யப்பட்டது. கார்போபியூரானைப் பொறுத்தவரை, 3 விழுக்காட்டுக் குருணை தவிர ஏனைய வடிவங்கள் 2023-இல் விலக்கப்பட்டன. ஒரு மருந்தைப் பரிந்துரைத்த தலைமுறையே அதன் தடையையும் காண நேர்ந்தது இவ்வரலாற்றின் ஒரு கூறு.

விதை நேர்த்தியும் உயிரியல் முறையும்

மூன்றாம் கட்டம் நஞ்சை நிலம் முழுவதும் பரப்பாமல் விதையின்மேல் பூசுவது. குளோர்பைரிபாஸ் 20 விழுக்காட்டு மருந்து ஒரு கிலோ விதைக்கு 6.5 முதல் 12 மில்லிலிட்டர் என்பது பரவலாகக் கையாளப்பட்ட அளவு. எக்டேருக்கு 125 கிலோ விதைப்பருப்பு எனக் கொண்டால், மண்ணில் சேரும் வீரியப் பொருள் ஏறத்தாழ 160 முதல் 300 கிராம். எக்டேருக்கு 33 கிலோ என்னும் அளவில் 3 விழுக்காட்டுக் கார்போபியூரான் குருணை இடும்போது சேர்வது ஏறத்தாழ ஒரு கிலோ; 25 கிலோ போரேட் 10 விழுக்காட்டுக் குருணையில் இரண்டரைக் கிலோ. அளவு நோக்கில் இது பெரும் முன்னேற்றமே.

எனினும், நிலக்கடலை விதைப்பு இவ்வட்டாரத்தில் பெரும்பாலும் பெண்கள் கையால் செய்யும் பணி. ஏர்ச்சாலில் விதையை ஒவ்வொன்றாக இடும் கையே நஞ்சைத் தொடும் கை. கையுறை கொடுக்கப்படாத இடத்தில், குறைந்த அளவு நஞ்சும் குறிப்பிட்ட சிலரின் உடலிலேயே குவிகிறது. இடர் இப்போது கூலிப் பெண்ணிடம் வந்து நிற்கிறது. குளோர்பைரிபாஸும் 2025-இல், சில விலக்குகளுடன், ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது.

உயிரியல் முறையின் வரலாறு வேதிமுறைக்கு இணையாகவே செல்கிறது. மெட்டாரைசியம் அனிசோப்ளியே என்னும் பசும்பூஞ்சையை 1879-இல் ஒடெசாவில் மெச்னிக்காவ் ஆய்ந்தது கோதுமை வண்டின் புழுவிலேதான். கரும்பு இனப்பெருக்க நிறுவனம் அமைந்த கோயம்புத்தூரிலிருந்து ஹெட்டரோராப்டிட்டிஸ் இண்டிகா என்னும் பூச்சிக்கொல்லி நூற்புழு 1992-இல் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. பூவேரியா பிராங்னியார்ட்டி என்னும் பூஞ்சை, தென்னிந்தியக் கரும்பு வயல்களில் செர்ரேட்டா புழுவுக்கு எதிராக ஆராயப்பட்டது. இவற்றுக்கு மண் ஈரம் தேவை, விளைவும் மெதுவானது. மழையை நம்பிய மானாவாரி நிலத்தில் இது ஒரு வரம்பே.

இவற்றினும் குறிப்பிடத்தக்கது வண்டுப் பருவத்திற்குத் திரும்பும் போக்கு. கன்சாங்குனியா வண்டின் இனக்கவர்ச்சிப் பொருள் அனிசோல் என்பது 1996-இல் கண்டறியப்பட்டது. ரெய்னாடி வண்டுக்கும் அதுவே முதன்மைக் கூறு என்பது 2002-இல் வெளியாயிற்று. கோடை மழைக்குப் பின் தேர்ந்த சில மரங்களில் அனிசோலை வைத்து வண்டுகளைக் கூட்டி, உலுக்கித் திரட்டி அழிக்கும் முறை இதனால் உருவாயிற்று. வயல் மண்ணில் நஞ்சு சேராத முறை இது. ஆனால் ஒருவர் மட்டும் செய்தால் பயன் தராது. ஒரே மாலையில் ஊர் முழுவதும் செய்ய வேண்டும். 1919-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றிருந்த உண்மைக்கே புதிய அறிவியலும் வந்து சேர்கிறது.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. மண்வாழ் புழுவுக்கு எதிரான நஞ்சின் பயன் அதன் நிலைத்த தன்மையில் இருந்தது. அதன் தடைக்குக் காரணமும் அதுவே. இம்முரண் மண்நஞ்சு என்னும் கருத்திலேயே அடங்கியிருந்தது.

2. தூள், குருணை, விதை நேர்த்தி என நஞ்சின் அளவு குறைந்துவந்தது. ஆனால் இடர் நுகர்வோரிடமிருந்து மருந்து வீசுபவருக்கும், அவரிடமிருந்து விதையிடும் பெண்ணுக்கும் இடம் மாறியது. மண்ணிலுள்ள எஞ்சு நஞ்சை மட்டும் அளவிடும் வரலாறு இம்மாற்றத்தைக் காணத் தவறும்.

3. வெண்புழு ஊர் அளவில் வாழும் பூச்சி. மூட்டை மருந்தோ தனி உழவருக்கு விற்கப்படும் பொருள். வேதிமுறை வெற்றி பெற்ற பத்தாண்டுகளில் கூட்டு நடவடிக்கைக்கான தேவை மறைந்ததாகத் தோன்றியது. மருந்துகள் ஒவ்வொன்றாக விலக்கப்படும் இன்று அத்தேவை மீண்டும் எழுந்துள்ளது.

திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. கோடை மழையின் நாளை முன்கூட்டி அறிவிக்கும் வானிலைச் செய்தி இன்று உழவரின் கைப்பேசிக்கே வருகிறது. வண்டு வெளிவரும் மாலையை ஊருக்கு அறிவித்து, மரத்திற்கு மரம் ஆள் நிறுத்தும் ஏற்பாடு அறிவியலால் இயலாத ஒன்றன்று; அதற்கான சமூக அமைப்பே இல்லாதிருக்கிறது. அவ்வமைப்பு எவ்வாறு சிதைந்தது, பிற ஊர்களில் எங்கேனும் எஞ்சியுள்ளதா என்பன களஆய்வின்வழி விடை காணவேண்டிய அடுத்த கேள்விகளாகும்.